எதைத் தொட்டீங்க?

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடைக்குள் இருப்பது குறைவு. வற்றல் மிளகாய், மஞ்சள், மல்லி, சாக்குத் தூசி என்று எந்நேரமும் ஏதாவது பறந்துகொண்டே இருக்கும் இடம் இது. விசிறியில் தூசி அடைத்து, சூடேறி, சிஸ்டம் நின்றுபோகும். அதனால் கடைக்கு மேல்மாடியிலோ பின்பக்கச் சந்திலோ உள்ள வீட்டில்தான் அதை வைப்பார்கள். காலையில் கணக்குப் பார்ப்பவர் வந்து பில் போடுவார். சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்வார்கள், விளையாடுவார்கள். ராத்திரி அண்ணாச்சி வங்கிக் கணக்கைப் பார்ப்பார். எல்லாருக்கும் ஒரே சிஸ்டம், ஒரே பெயர், பெரும்பாலும் பாஸ்வேர்டே கிடையாது. இந்த வீட்டு சிஸ்டங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில்.

கிழக்கேகோட்டையில் தொடங்கி கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தத் தெருவை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கினார். திருநெல்வேலிப் பக்கமிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த தமிழ் வியாபாரிகள் தலைமுறைகளாக இங்கே இருக்கிறார்கள். ஆ. மாதவன் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே கடைத்தெருக் கதைகளை எழுதிய தெருவும் இதுதான். நான் படியேறிப் போகிற வீடுகளில் பேச்சு தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும். கம்ப்யூட்டர் மட்டும் இங்கிலீஷில்தான் கேள்வி கேட்கும்.

அந்தக் கேள்விகளில் ஒன்றுக்காகத்தான் எனக்கு அதிகமாக போன் வரும். "தம்பி, ஸ்கிரீன் இருட்டிப்போச்சு. நடுவுல ஒரு பெட்டி நிக்குது. எஸ்ஸா, நோவா?" நான் உடனே பதில் சொல்வதில்லை. "அது வர்றதுக்கு முன்னாடி எதைத் தொட்டீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். மீதிப் பாதி, அந்தப் பெட்டி அடிக்கடி வராமல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்துகிற வேலை. அதை மூடிவிடுவது வேலையே இல்லை.

அனுமதிப் பெட்டி இல்லாத காலத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நான் வேலைக்கு வந்தபோது எங்கும் விண்டோஸ் எக்ஸ்பி. 2001 அக்டோபரில் வெளியான அதில், வீட்டுக்காரர் உண்டாக்கும் முதல் கணக்கே அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. அவர் திறக்கும் எந்த மென்பொருளும் அவருடைய முழு அதிகாரத்தோடு ஓடும். சிஸ்டம் கோப்புகளை மாற்றவும் அதற்கு உரிமை உண்டு. அதிகாரம் குறைந்த 'லிமிடெட்' கணக்கு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதில் நுழைந்தால் பில் மென்பொருள் திறக்காது, பிள்ளைகளின் கேம் ஓடாது. அவையெல்லாம் விண்டோஸ் 95, 98 காலத்துப் பழக்கத்தில் எழுதப்பட்டவை. அந்தப் பதிப்புகளில் வீட்டுக்காரர், விருந்தாளி என்ற வித்தியாசமே கிடையாது.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற கம்ப்யூட்டர் புழு வந்தது. இணையத்தில் இணைத்த கொஞ்ச நேரத்தில், 60 விநாடியில் சிஸ்டம் அணையப்போகிறது என்று ஒரு பெட்டி எண்ணிக் குறைக்கத் தொடங்கும். 'ரன்' பெட்டியில் ஷட்டவுன் கட்டளையோடு ஒரு கோடும் 'ஏ' என்ற எழுத்தும் சேர்த்து அடித்தால் எண்ணிக்கை நிற்கும். அந்த இடைவெளியில் திருத்தத்தை இறக்கிப் போட வேண்டும். பிறகு பென் டிரைவ் காலம். ஸ்டூடியோ, ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ் என்று மூன்று இடத்துக்கும் போய்வந்த பென் டிரைவைச் சொருகினால், ஃபோல்டர் மாதிரி படம் போட்ட ஒரு நிரல் தானாகவே ஓடும், இல்லையென்றால் கிளிக் செய்யும்வரை காத்திருக்கும். முழு அதிகாரத்தோடு ஓடுவதால் நேராக விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழுவும் பின்னர் பென் டிரைவ் வழியாகப் பரவியது. எங்கள் தொழிலில் அப்போது வருமானம் என்றால் ஃபார்மட்தான். ஒரே வீட்டு சிஸ்டத்தைத் திரும்பத் திரும்ப ஃபார்மட் செய்து காசு வாங்குவது எனக்குக் கசந்தது. ஒவ்வொரு முறையும் அந்த வீட்டின் ஏதோ ஒரு போட்டோவோ கணக்கோ போய்க்கொண்டுதான் இருந்தது.

2007 ஜனவரியில் விஸ்டா கடைக்கு வந்தது. யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல், சுருக்கமாக யூஏசி, அதனோடு வந்தது. அது என்ன செய்கிறது என்பதை வீட்டுக்காரர்களுக்கு நான் பொறுமையாக விளக்குவதுண்டு. இப்போதும் பலர் அதை வைரஸ் எச்சரிக்கை என்றுதான் நினைக்கிறார்கள். அது வைரஸைத் தேடுவதில்லை. நல்லவன் யார், கெட்டவன் யார் என்று அதற்குத் தெரியாது. நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டராக உள்ளே வந்தால் விண்டோஸ் உங்களுக்கு இரண்டு அதிகாரச் சீட்டுகளைத் தயார் செய்கிறது: ஒன்று சாதாரணமானது, இன்னொன்று முழுமையானது. அன்றாடம் நீங்கள் திறப்பதெல்லாம் சாதாரணச் சீட்டில்தான் ஓடும். ஏதாவது ஒரு நிரல் முழுச் சீட்டைக் கேட்கும்போது மட்டும் திரை இருண்டு பெட்டி வருகிறது.

இருள்வதும் அழகுக்காக இல்லை. அந்த நொடியில் விண்டோஸ் வேறொரு தனித் திரைக்குப் போய்விடுகிறது. பின்னால் மங்கலாகத் தெரிவது உங்கள் பழைய திரையின் படம் மட்டுமே. சாதாரண அதிகாரத்தில் ஓடும் எந்த நிரலும் அந்தத் தனித் திரைக்குள் வந்து 'எஸ்' பொத்தானை அமுக்க முடியாது. மௌசில் கை வைத்திருக்கும் மனிதர்தான் அமுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் எந்த வீட்டிலும் சொல்லாமல் விட்டதில்லை.

விஸ்டாவில் பெட்டி வந்துகொண்டே இருந்தது உண்மை. புது லேப்டாப் வாங்கி வந்தவர்கள் முதல் வாரத்திலேயே "இதை எடுத்துட்டு எக்ஸ்பி போட்டுக் குடுங்க" என்றார்கள். தொழிலில் பலர் சிஸ்டத்தைக் கையில் வாங்கியதும் செய்த முதல் காரியம் யூஏசியை அணைப்பது. வாடிக்கையாளர் திரும்பக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யமாட்டார் என்பது அவர்கள் கணக்கு. 2008 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்த ஆர்எஸ்ஏ பாதுகாப்பு மாநாட்டில் மைக்ரோசாப்டின் டேவிட் கிராஸ், பயனருக்கு எரிச்சல் உண்டாக்குவதற்காகவே அதை வைத்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். வாடிக்கையாளர் எரிச்சலடைந்தால் மென்பொருள் எழுதுகிறவர்களைக் கேட்பார், அவர்களும் தேவையில்லாமல் முழு அதிகாரம் கேட்பதை நிறுத்துவார்கள் என்பது திட்டம். திட்டம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். பெட்டியை வரவழைத்த நிரல்களும் வேலைகளும் சுமார் 7.75 லட்சத்திலிருந்து 1.68 லட்சமாகக் குறைந்தன என்று அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் கணக்குக் காட்டியது. ஆனால் அதற்குள் உலகம் முழுக்க வீடுகளில் ஒரு கெட்ட பழக்கம் படிந்துவிட்டது. பெட்டி வந்தால் படிக்காமல் எஸ் அமுக்குவது. மென்பொருள்காரர்களைத் திருத்த எடுத்த பிரம்பு வீட்டில் இருந்தவர்கள் முதுகில் விழுந்தது. அந்தத் தழும்பை இன்னும் நான் சாலையில் பார்க்கிறேன்.

2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தபோது நான்கு படி கொண்ட ஒரு நகர்த்தியைக் கொடுத்தார்கள். மேலே வைத்தால் எல்லாவற்றுக்கும் கேட்கும், அடியில் வைத்தால் ஒன்றுமே கேட்காது. நடுவில் ஒரு படிதான் தொடக்கத்திலேயே அமைந்திருப்பது: விண்டோஸின் சொந்த அமைப்புகளை நீங்கள் மாற்றினால் கேட்காது, வெளி நிரல் மாற்ற முயன்றால் கேட்கும். சோதனைப் பதிப்பு வெளியானபோதே, 2009 தொடக்கத்தில், லாங் ஜெங், ராஃபேல் ரிவேரா என்ற இருவர் அந்த நடுப்படியில் உள்ள ஓட்டையைக் காட்டினார்கள். ஒரு சின்ன ஸ்கிரிப்ட், கீபோர்டைத் தட்டுவதுபோல் நடித்து, எந்தக் கேள்வியும் வராமலேயே நகர்த்தியை அடிக்குக் கொண்டுபோய்விட்டது. மைக்ரோசாப்ட் அந்த ஒன்றைச் சரிசெய்தது. நடுப்படியில் தானாக அதிகாரம் பெறும் விண்டோஸ் நிரல்களைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தும் வேறு தந்திரங்கள் பிறகும் வந்துகொண்டே இருந்தன. அதனால் நான் கைவைக்கும் சிஸ்டம் எதுவானாலும் நகர்த்தியை உச்சியில் வைத்துவிட்டுத்தான் படியிறங்குவேன். உச்சியில் வைத்தும் பெட்டி அடிக்கடி வராமல் பார்த்துக்கொள்வதுதான் கைத்திறன்.

அடியில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பலசரக்கு மொத்தக் கடை வீட்டைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7 ஓடிய காலம். ஒரு காலையில் அண்ணாச்சியின் குரல் போனில் நடுங்கியது. பில் மென்பொருளைத் திறந்தால் இரண்டு வருஷத்துக் கணக்கு முழுக்கக் காணோம். மென்பொருளை நிறுவிய வாரத்துப் பில்தான் கடைசி பில்லாக நிற்கிறது. பாக்கி தர வேண்டியவர்கள் பட்டியல் இல்லை, சரக்கு இருப்பு இல்லை. "வைரஸ் தின்னுட்டுதா தம்பி?"

போய்ப் பார்த்தேன். வீட்டில் எல்லாரும் கூடி நின்றார்கள். டேட்டா ரெக்கவரிக்கு ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்துப்போக ஒருவர் வந்துகொண்டிருந்தார். "யாரும் ஒண்ணையும் தொடாதீங்க. புது பில் ஒண்ணுகூடப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு, என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். நேற்று ராத்திரி யார், எதைத் தொட்டீர்கள்? கல்லூரியில் படிக்கும் மகன் மெதுவாகச் சொன்னான், அந்தப் பெட்டி அடிக்கடி வந்து தொல்லை கொடுத்ததால் நகர்த்தியை அடியில் இழுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தானாம். எனக்கு அப்போதே மூச்சு வந்தது. கணக்கு எங்கேயும் போகவில்லை என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

நடந்தது இதுதான். அந்தப் பில் மென்பொருள் எக்ஸ்பி காலத்தில் எழுதியது. தன் கணக்குக் கோப்புகளை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள், தான் நிறுவப்பட்ட இடத்திலேயே எழுதும். சாதாரண அதிகாரத்தில் ஓடும் நிரல் அங்கே எழுதக் கூடாது. அப்படியே தடுத்தால் உலகத்தில் பாதிப் பழைய மென்பொருள் நின்றுவிடும் என்பதால் விண்டோஸ் ஒரு ஏற்பாடு செய்திருந்தது. எழுத வருவதைத் தடுக்காமல், அந்தப் பயனரின் சொந்த இடத்தில் 'வெர்ச்சுவல் ஸ்டோர்' என்ற ஃபோல்டருக்கு ஓசையில்லாமல் திருப்பிவிடும். மென்பொருள் தன் வீட்டிலேயே எழுதுவதாக நினைத்துக்கொள்ளும், அடுத்த முறை படிக்கும்போதும் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கப்படும். இரண்டு வருஷமாக இந்த வீட்டுக் கணக்கு அப்படி வேறிடத்தில்தான் வளர்ந்திருந்தது. விண்டோஸ் 7-இல் நகர்த்தியை அடிக்கு இழுத்தால் யூஏசி முழுவதுமாக அணையும், இந்தத் திருப்பிவிடும் ஏற்பாடும் அதோடு நிற்கும். அதனால் மென்பொருள் முதல்முறையாகத் தன் உண்மையான ஃபோல்டரைப் பார்த்தது. அங்கே இருந்தது நிறுவிய வாரத்துக் கோப்பு.

'ஆப் டேட்டா' என்னும் மறைந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். உள்ளே வெர்ச்சுவல் ஸ்டோர், அதற்குள் முந்தின நாள் தேதியோடு கணக்குக் கோப்புகள். அண்ணாச்சி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இன்னொன்றும் அன்று தெரிந்தது, அது என்னை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது. கணக்குப் பார்ப்பவர் வாராவாரம் ஒழுங்காக பேக்கப் எடுத்து வந்திருக்கிறார். ஆனால் புரோகிராம் ஃபைல்ஸிலிருந்து ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்திருக்கிறார். இரண்டு வருஷமாக ஆடிட்டர் மேசைக்கும் இரும்புப் பெட்டிக்கும் போன பென் டிரைவ் எல்லாவற்றிலும் அந்த முதல் வாரத்துக் கணக்குதான் இருந்தது. ஹார்ட் டிஸ்க் ஒன்று போயிருந்தால் எல்லாம் போயிருக்கும். விஸ்டாவிலும் 7-இலும் அந்த மாதிரி ஃபோல்டரைத் திறந்தால் மேல்பட்டையில் 'கம்பாட்டிபிலிட்டி ஃபைல்ஸ்' என்று ஒரு பொத்தான் தெரியும். அதைப் பார்த்தால் அசல் கோப்பு வேறிடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டு இடத்துக் கோப்புகளையும் முதலில் தனித்தனியாகப் பத்திரப்படுத்தினேன். டி டிரைவில் கணக்குக்கென்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, புதிய கோப்புகளை அங்கே வைத்து, மென்பொருளின் அமைப்பில் அந்தப் பாதையைக் கொடுத்தேன். நகர்த்தியைத் திரும்ப உச்சிக்கு ஏற்றினேன். அதற்குப் பிறகு நான் எந்த வீட்டிலும், எந்தப் பழைய மென்பொருளையும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவியதில்லை.

மகன் அதை அணைக்கக் காரணமான தொல்லை எங்கிருந்து வந்தது என்றும் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் சிஸ்டம் ஆன் ஆனதும் பிரிண்டரோடு வந்த ஒரு துணை நிரல் முழு அதிகாரம் கேட்டு வந்து நின்றிருக்கிறது. இப்படிக் காலையில் வரும் பெட்டிதான் எல்லாவற்றிலும் கெட்டது என்பது என் கருத்து. யாரும் எதையும் தொடாமலேயே வருகிறது, தினமும் வருகிறது, எஸ் அமுக்கினால் ஒன்றும் கெட்டுப்போவதும் இல்லை. ஆறு மாதம் இப்படிப் பழகிய விரல் ஏழாவது மாதம் வேறொரு பெட்டி வந்தாலும் அதே எஸ்ஸைத்தான் அமுக்கும்.

ஆகவே ஒரு வீட்டுக்குப் போனால் தானாக வரும் பெட்டிகளின் வேரைத் தேடுவேன். தொடக்கப் பட்டியலில் தேவையில்லாதது இருந்தால் எடுத்துவிடுவது எளிது. தேவையான மென்பொருளே முழு அதிகாரம் கேட்டால் அங்கேதான் வேலை இருக்கிறது. மார்க் ருசினோவிச்சின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் 'பிராசஸ் மானிட்டர்' என்று ஒரு கருவி உண்டு, இலவசம். அதை ஓடவிட்டு, மென்பொருளைச் சாதாரண அதிகாரத்தில் திறந்து, 'ஆக்சஸ் டினைட்' என்று வரும் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் அது தடுக்கிவிழுவது ஒரே ஒரு இடத்தில்தான்: ஒரு ஃபோல்டர், அல்லது ரெஜிஸ்ட்ரியில் ஒரு சாவி. அந்த ஓர் இடத்துக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்தால் போதும். மென்பொருள் வாயை மூடிக்கொண்டு ஓடும். ஒரு ஃபோல்டருக்குக் கொடுக்க வேண்டிய உரிமைக்காக வீட்டையே திறந்துவிடுவதுபோல், பல இடங்களில் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று நிரந்தரமாக டிக் போட்டு வைத்திருப்பார்கள். அந்த டிக்கை எடுத்துவிட்டு இந்த வேலையைச் செய்ய அரைநாள்கூட ஆகும். செய்தது வெளியே தெரியாது என்பதால் அதற்குக் கூலி கேட்பது கடினம். ஆனாலும் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த வேலை அதுதான்.

சிஸ்டம் இப்படி அமைதியான பிறகுதான் என் கேள்விக்குப் பலம் வருகிறது. எதையோ நிறுவத் தொட்டீர்கள், பெட்டி வந்தது, அதன் பெயரே பெட்டியிலும் இருக்கிறது: எஸ். படம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், மெயில் படித்துக்கொண்டிருந்தீர்கள், சும்மா உட்கார்ந்திருந்தீர்கள், பெட்டி வந்தது: நோ. நோ அமுக்கினால் பெரும்பாலும் எதுவும் கெடாது, தேவையானால் திரும்ப வரும்.

ஆரியசாலைப் பக்கம் தனியாக வசிக்கும் ஒரு ஓய்வுபெற்ற டீச்சரம்மாவின் வீட்டில் இது சோதனைக்கு வந்தது. திரையில் சைரன் சத்தத்தோடு வைரஸ் என்று ஒரு பக்கம், அதில் ஒரு போன் நம்பர். கூப்பிட்டிருக்கிறார். எதிர்முனையில் இருந்தவன் ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசி, தூரத்திலிருந்து இயக்கும் ஒரு நிரலை இறக்கவைத்துத் திறக்கவும் வைத்துவிட்டான். இப்படிப்பட்ட மோசடி குறித்து 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் செயலியின் பெயரைச் சொல்லி வங்கிகளை எச்சரித்திருந்தது. மௌஸ் தானாக நகர்வதை டீச்சரம்மா பார்த்துக்கொண்டிருந்தபோது திரை இருண்டு பெட்டி வந்தது. எஸ் அமுக்கச் சொல்லி அவன் கேட்டான். "எல்லாத்தையும் நீதானே அமுக்கிக்கிட்டு இருக்கே, இதையும் நீயே அமுக்கு" என்றிருக்கிறார் டீச்சரம்மா. அவனால் முடியாது. அந்தத் தனித் திரை அவனுக்குத் தெரியாது. அவசரப்படுத்தினான், குரலை உயர்த்தினான். மனுஷர் கைதான் அமுக்க முடியும் என்று நான் சொன்னது அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கிறது. நோ அமுக்கிவிட்டு, செல்போனில் என்னைக் கூப்பிட்டார்.

முதலில் இணைய வயரைப் பிடுங்கச் சொன்னேன். காரணம், நோ அமுக்கியதால் அவன் சிஸ்டத்துக்குள் நிரந்தரமாகக் குடியேறவில்லை, அவ்வளவுதான். திறந்திருக்கும் திரையைப் பார்க்கவும், பிரவுசரில் கைவைக்கவும் அவனுக்கு அந்தப் பெட்டி தேவையே இல்லை. பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் சைபர் மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும், தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும். டீச்சரம்மாவின் கீபோர்டில் அந்த எண்ணை எழுதி ஒட்டிவைத்தேன். பிறகு மற்ற வீடுகளிலும் ஒட்டினேன்.

எப்போதும் எஸ் அமுக்குகிறவர்களைப் போலவே எப்போதும் நோ அமுக்குகிறவர்களும் உண்டு. பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவான ஒரு பாத்திர மொத்தக் கடை வீட்டில் மருமகள்தான் ஜிஎஸ்டி கணக்கு ஏற்றுவார். 20ஆம் தேதி சாயங்காலம், ரிட்டர்னுக்குக் கடைசி நாள், டிஜிட்டல் கையெழுத்து விழவில்லை என்று அழைப்பு. யூஎஸ்பி டோக்கன் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடவைக்கும் எம்சைனர் நிரல் அனுமதி கேட்டபோதெல்லாம், பேப்பரில் படித்த பயத்தில், அவர் நோ அமுக்கி வந்திருக்கிறார். "நீங்கதானே அக்கா அதைத் திறந்தீங்க?" என்றேன். "ஆமா." "அப்போ அது உங்ககிட்டதான் கேட்குது." பதிப்பாளர் பெயர் இருக்கும் வரியைச் சேர்ந்து படித்தோம். இப்போது அந்த வரியைப் போனில் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு அவரே முடிவெடுக்கிறார்.

அந்த வரி முக்கியம். நாமே தொட்டது என்பதால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது. போட்டோ எடிட் செய்யும் மென்பொருளைக் காசில்லாமல் பெற கிராக் தேடுகிற பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அதோடு வரும் குறிப்பே ஆன்டிவைரஸை அணை, ரைட் கிளிக் செய், அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிடு என்று வரிசையாகச் சொல்லும். பெட்டி மஞ்சள் நிறத்தில் வரும், பதிப்பாளர் யாரென்று தெரியவில்லை என்று சொல்லும். ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் அறியப்படும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் இந்த வழியாகத்தான் வீடுகளுக்குள் நிறைய வந்தது. அப்படி ஒரு பிள்ளையுடைய அக்காவின் கல்யாணப் போட்டோக்கள் முழுவதும் பூட்டப்பட்டு நின்ற ஒரு சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசத் திறப்பான் ஒன்றை வெளியிட்டது. பழைய வகைகளுக்கும், இணைய இணைப்பு இல்லாதபோது பூட்டப்பட்டவற்றில் சிலவற்றுக்கும்தான் அது உதவும். இந்த வீட்டுக்கு உதவவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் நேர்மையாக எழுதிய பில் மென்பொருளுக்கும் இதே மஞ்சள்தான் வரும், ஏனென்றால் கையெழுத்துச் சான்றிதழுக்கு வருஷாவருஷம் பணம் கட்ட வேண்டும். அப்படிப்பட்டதை எழுதியவரிடமிருந்து நேரில் வாங்கிப் போடுகிறேன், இணையத்தில் தேடி இறக்குவதில்லை.

பெட்டி எதையெல்லாம் காக்காது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. உங்கள் போட்டோக்களும் கணக்கும் உங்களுடையவை. அவற்றை மாற்ற முழு அதிகாரம் தேவையில்லை. ஆகவே சாதாரண அதிகாரத்தில் நுழைந்த ரான்சம்வேர்கூட அவற்றை ஒரு கேள்வியும் வராமல் பூட்டலாம். 2017 மே மாதம் வானாக்ரை ரான்சம்வேர் வந்தபோது வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களும் மாட்டின. அது நெட்வொர்க் வழியாக நேராக நுழைந்தது, யாரிடமும் எஸ் கேட்கவில்லை. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட்டும், கழற்றி வைக்கிற பேக்கப்பும் இல்லாமல் யூஏசியை மட்டும் நம்பச் சொல்லி நான் யாரையும் விட்டுவந்ததில்லை.

படிக்காமல் எஸ் அமுக்கும் பழக்கத்துக்குத் தீர்வு காட்டியது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளிகள் குனு லினக்ஸுக்கு மாறின. இப்போது கைட் நிறுவனம் அதை நடத்துகிறது. அந்தப் பிள்ளைக்கு உபுண்டுவில் ஒரு மென்பொருள் நிறுவ வேண்டுமென்றால் பாஸ்வேர்டு கேட்கும் என்று தெரியும். அப்பாவின் விண்டோஸில் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஏன் வெறும் எஸ் மட்டும் போதும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அப்பா அட்மினிஸ்ட்ரேட்டராக உட்கார்ந்திருப்பதால்தான் போதும். சாதாரண 'ஸ்டாண்டர்ட்' கணக்கில் உட்கார்ந்தால் விண்டோஸிலும் அதே பெட்டி அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்டு வரும். 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட, லினக்ஸில் பாஸ்வேர்டு கேட்கும் சூடோ கட்டளையும் இதே மாதிரி ஏற்பாட்டின்மேல்தான் நிற்கிறது.

அதிலிருந்து என் வீடுகளில் இரண்டு கணக்குகள். ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர், பாஸ்வேர்டோடு, யாரும் அன்றாடம் நுழையாதது. இன்னொன்று எல்லாரும் பயன்படுத்தும் ஸ்டாண்டர்ட். எதிர்ப்பு வராத வீடு குறைவு. ஒரு வெல்லக் கடை அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டார்: "காசு போட்டு வாங்கினது நானு. என் சிஸ்டத்துல எனக்கு அதிகாரம் இல்லியா?" அவர் கோபம் நியாயமானது. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் அவரைப் போன்றவர்களைக் குழந்தையாக நடத்துவதை நான் பார்த்திருக்கிறேன். "அதிகாரம் உங்களோடதுதான் அண்ணாச்சி. கல்லாச் சாவி உங்க மடியில இருக்குது, அதைக் கல்லாவிலேயே சொருகி வச்சிட்டு நீங்க சாப்பிடப் போறதில்லையே" என்றேன். பாஸ்வேர்டை அவர் கையாலேயே எழுதி, இரும்புப் பெட்டியில் பத்திரங்களோடு வைக்கச் சொன்னேன். எனக்கு அது தெரியக் கூடாது என்று திரும்பி நின்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. கணக்குப் பார்ப்பவருக்கு ஏதாவது நிறுவ வேண்டுமானால் மாடியேறி அண்ணாச்சியைக் கேட்க வேண்டும், அண்ணாச்சி பெட்டியைத் திறக்க வேண்டும். அந்த இடைவெளியில் "எதுக்குடே இது?" என்று ஒரு கேள்வி நிச்சயம் வரும். பல தேவையில்லாத நிரல்கள் அந்தக் கேள்வியிலேயே கீழே நின்றுவிட்டன.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. சாலையில் உள்ள பழைய சிஸ்டங்கள் பலவற்றின் பிராசசர் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாதது. பில் மென்பொருள் தேவையில்லாத வீடுகளில் உபுண்டு போட்டுக் கொடுக்கிறேன், பிள்ளைகளுக்கு அது பள்ளியிலேயே பழக்கம். புதிது வாங்கியவர்களுக்கு இனி வேறொரு ஏற்பாடு வரும். 2024 நவம்பரில் மைக்ரோசாப்ட் அறிவித்த 'அட்மினிஸ்ட்ரேட்டர் புரொடெக்ஷன்' முறையில், அட்மினிஸ்ட்ரேட்டரே ஆனாலும் வெறும் எஸ் செல்லாது. முகம், கைரேகை, பின் எண் இவற்றில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். தனியான மறைவுக் கணக்கு ஒன்று அந்த ஒரு வேலைக்கு மட்டும் அதிகாரம் பெறும், வேலை முடிந்ததும் அந்த அதிகாரம் அழிந்துவிடும். நான் வீடுவீடாகக் கையால் செய்துவந்ததற்குப் பக்கத்தில் வருகிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்.

கைரேகை மட்டும் சாலைக்குச் சரிப்பட்டு வராது. சாக்கு தூக்கி, சணல் இழுத்து, மஞ்சள் அளந்து தேய்ந்த விரல்கள் இங்கே பலருக்கும். ஆதாருக்கு விரல் வைக்கும்போதே படும் பாட்டை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆகவே பின் எண்தான் அமைத்துக் கொடுக்கிறேன், ஆறு இலக்கம். அது அந்த ஒரு சிஸ்டத்தில் மட்டுமே செல்லும், வேறிடத்தில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று விளக்குகிறேன். ஏடிஎம் எண்ணையே இதற்கும் வைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லிவிட்டு, அவர்கள் எண்ணை அடிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.